ரோலிங் டிஸ்ட்ரோவில் எந்தக் கெர்னலை வைத்துக்கொள்வது?

ஆர்ச் லினக்ஸ் ஒரு ரோலிங் டிஸ்ட்ரோ: தனித்தனிப் பதிப்புகள் இல்லாமல், புதிய மென்பொருள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் லினக்ஸ் தொகுப்பு. அதில் காலையில் முழு அப்டேட் ஓடி முடிந்தது. ரீபூட் செய்யச் சோம்பல், வேலை அப்படியே தொடர்கிறது. மதியம் ஒரு பென்டிரைவைச் செருகினால் மவுண்ட் ஆக மறுக்கிறது; ‘விஃபேட்’ என்ற கோப்பு முறைமையே தனக்குத் தெரியாது என்கிறது. ஒயர்கார்ட் விபிஎன் எழவில்லை. டாக்கர், ஐபிடேபிள்ஸைப் பற்றி நாலு வரி புலம்பிவிட்டு நின்றுபோகிறது. பென்டிரைவிலும் கோளாறில்லை, டாக்கரிலும் கோளாறில்லை.

நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல், அதாவது வன்பொருளை ஆளும் மைய நிரல், 6.17.8 என்று வைத்துக்கொள்வோம். அதன் மாட்யூல்கள் (டிரைவர், கோப்பு முறைமை போன்ற துணைத் துண்டுகள்) அந்த எண்ணையே பெயராகக் கொண்ட அடைவில் இருந்தன. கெர்னல் எல்லா மாட்யூல்களையும் பூட் ஆகும்போதே ஏற்றிக்கொள்வதில்லை. தேவைப்படும்போதுதான் வட்டிலிருந்து எடுக்கும். காலை அப்டேட்டில் ஆர்ச்சின் பேக்கேஜ் கருவியான பேக்மேன் 6.17.8 அடைவைத் துடைத்துவிட்டு 6.17.9 அடைவை வைத்துவிட்டது. ஓடும் கெர்னல் தேடிப்போன இடத்தில் எதுவும் இல்லை. யூநேம் கட்டளை காட்டும் எண்ணையும் மாட்யூல் அடைவின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். ரீபூட் செய்தால் தீர்ந்தது. அடிக்கடி ரீபூட் செய்ய முடியாதவர்களுக்கு, ஓடும் கெர்னலின் மாட்யூல்களை அடுத்த பூட் வரை காப்பாற்றி வைக்கும் ‘கெர்னல் மாட்யூல்ஸ் ஹூக்’ என்ற சிறு பேக்கேஜ் ஆர்ச்சிலேயே உண்டு.

கெர்னல் மற்ற பேக்கேஜ்களைப் போல ஒன்று அல்ல என்பதற்கு இது எளிய சாட்சி. மாட்யூல் அடைவு, இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுதி), பூட்லோடர் (கெர்னலை ஏற்றும் நிரல்) வரி, வெளியிலிருந்து வரும் டிரைவர்கள் என்று அதற்கு நான்கைந்து துணைகள். எல்லாம் ஒரே எண்ணில் நின்றால்தான் வண்டி ஓடும். ரோலிங் டிஸ்ட்ரோக்காரர்கள் ‘புதுசா, எல்டிஎஸ்ஸா (நீண்டகால ஆதரவுக் கிளையா)’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலான சிக்கல்கள் அந்தத் தேர்வில் பிறப்பதில்லை. இந்தத் துணைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதிலும், பூட் பட்டியலில் ஒரே ஒரு கெர்னலை மட்டும் வைத்திருப்பதிலும்தான் பிறக்கின்றன.

எண்கள் வரும் வழி

லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடும் முதன்மைக் கிளைதான் மெயின்லைன். ஒரு பதிப்பு வந்ததும் இரண்டு வாரம் ‘மெர்ஜ் விண்டோ’: புதிய அம்சங்கள் எல்லாம் அந்த இரண்டு வாரத்தில்தான் உள்ளே வரும். பிறகு வாரத்துக்கு ஓர் ஆர்சி, அதாவது இறுதிக்கு முந்தைய சோதனைப் பதிப்பு. ஏழாவது அல்லது எட்டாவது ஆர்சிக்குப் பின் இறுதிப் பதிப்பு. ஆக 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு கெர்னல். கடிகாரம் போன்ற ஒழுங்கு இது. 6.12 வந்தது 2024 நவம்பர் 17; 6.13 வந்தது 2025 ஜனவரி 19; அதே ஆண்டில் 6.14 மார்ச் 24; 6.15 மே 25; 6.16 ஜூலை 27; 6.17 செப்டம்பர் 28; 6.18 நவம்பர் 30. இவற்றில் 6.14 மட்டும் ஞாயிறு தவறித் திங்கட்கிழமை வந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள்.

5.19-க்குப் பிறகு 6.0 வந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாகிவிட்டால் முன் எண்ணை ஏற்றிவிடுவது லினஸின் வழக்கம். 6.0 வருகிறதே, பெரிய மாற்றமோ என்று அஞ்சி அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்கள் 5.18, 5.19 வந்தபோதும் அதே அளவு அஞ்சியிருக்க வேண்டும்.

மூன்றாவது எண் ஸ்டேபிள் கிளையுடையது. கிரெக் குரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும், மெயின்லைனில் சேர்ந்த திருத்தங்களைப் பொறுக்கி எடுத்து 6.17.1, 6.17.2 என்று ஏறத்தாழ வாரந்தோறும் வெளியிடுகிறார்கள். அடுத்த பதிப்பு வந்து சில வாரங்களில் பழைய ஸ்டேபிள் கிளைக்கு மூடுவிழா. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம்கூட வராது. ஒரு சாதாரணக் கெர்னலின் ஆயுள் மூன்று மாதம்தான்.

ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. புதிய மெர்ஜ் விண்டோ மூடி முதல் ஆர்சி வந்தவுடன், அந்த இரண்டு வாரத்தில் சேர்ந்த திருத்தங்கள் மொத்தமாக ஸ்டேபிளுக்கு வரும். வழக்கமாகச் சில பத்துகளில் இருக்கும் பேட்ச் எண்ணிக்கை அந்த வாரம் நூற்றுக்கணக்கில் எகிறும். ‘மூன்றாவது எண் மட்டும்தானே மாறியிருக்கிறது, சின்ன அப்டேட்’ என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக்கூடாத வாரம் அது.

ஆண்டுக்கு ஒரு பதிப்பு, வழக்கமாக ஆண்டின் கடைசிப் பதிப்பு, நீண்டகால ஆதரவுக் கிளையாக அறிவிக்கப்படுகிறது. அதுதான் எல்டிஎஸ். 5.10, 5.15, 6.1, 6.6, 6.12, 6.18 என்று வரிசை. முன்பு ஆறாண்டு வரை இழுத்துச் சென்ற ஆதரவை இனி அடிப்படையில் இரண்டாண்டு என்று குறைப்பதாக 2023-இல் அறிவித்தார்கள். சோதனைக்குக் கைகொடுக்கும் நிறுவனங்கள் இருந்தால் நீளலாம். ரோலிங் டிஸ்ட்ரோக்காரருக்கு இந்த ஆறா இரண்டா என்ற கணக்கால் பெரிய பாதிப்பில்லை. ஏன் என்பது கடைசியில் வரும்.

ஐந்து டிஸ்ட்ரோ, ஐந்து வழி

ஆர்ச்சில் முதன்மைக் கெர்னலின் பேக்கேஜ் பெயர் வெறும் ‘லினக்ஸ்’. புதிய பதிப்பு முதலில் சோதனைக் களஞ்சியத்தில் இருந்துவிட்டு, பெரும்பாலும் .1 அல்லது .2 எண்ணில் எல்லோருக்கும் வரும். எல்டிஎஸ், ஜென், ஹார்டன்ட் (பாதுகாப்பு கூட்டியது), ஆர்டி (நிகழ்நேர வேலைக்கானது) ஆகியவை தனித்தனி பேக்கேஜ்கள். எல்லாவற்றையும் ஒரே கணினியில் ஒன்றாக நிறுவலாம். ஆனால் ஒரு பேக்கேஜுக்கு ஒரு பதிப்புதான். புதிய ‘லினக்ஸ்’ ஏறியதும் பழையது போய்விடும். நேற்று வரை ஓடிய கெர்னல் இன்று பூட் பட்டியலில் இருக்காது.

ஓப்பன்சூசே டம்பிள்வீட் இங்கே நேர் எதிர். அங்கே கெர்னல் ‘பல பதிப்பு’ பேக்கேஜ். சிப்பர் என்ற அதன் பேக்கேஜ் கருவியின் அமைப்புக் கோப்பில் ‘புதியது, அதற்கு முந்தையது, இப்போது ஓடுவது’ என்று மூன்றைத் தக்கவைக்கும்படி இயல்பாகவே எழுதியிருக்கும். மற்றவற்றை ஒரு சேவை பூட்டுக்குப் பின் துடைக்கும். புதியது சொதப்பினால் பூட் மெனுவில் ஒரு வரி கீழே இறங்கினால் போதும். அதோடு ஓப்பன்க்யூஏ தானியங்கிச் சோதனை, பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்). கெர்னலைக் கையாளும் விதத்தில் மட்டும் பார்த்தால், ரோலிங் உலகில் மிகப் பக்குவமான ஏற்பாடு இதுதான். எல்டிஎஸ் வேண்டுவோருக்கு ‘கெர்னல் லாங்டெர்ம்’ என்ற பேக்கேஜும் உண்டு.

வாய்ட் லினக்ஸ் பழைய கெர்னல்களைத் தானாக அழிப்பதே இல்லை. நல்லதுதான், பூட் பகிர்வு நிரம்பும் நாள் வரை. ‘விகேபர்ஜ்’ என்ற கருவியில் பட்டியல் பார்த்து, வேண்டாதவற்றை மாதம் ஒருமுறை கையால் நீக்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதையும் அதற்கு முந்தையதையும் தவிர மற்றவற்றை நீக்கலாம்.

மஞ்சாரோவில் பேக்கேஜ் பெயரிலேயே வரிசை எண் இருக்கிறது: லினக்ஸ்66, லினக்ஸ்612 என்று. 6.12 நிறுவியவர் 6.12-லேயே இருப்பார். இதில் ஒரு பொறி. எல்டிஎஸ் அல்லாத ஒரு வரிசையை, எடுத்துக்காட்டாக 6.13-ஐ, நிறுவியவருக்கு மூன்று மாதத்தில் அது காலாவதியாகும். கணினி தானாக 6.14-க்குப் போகாது. கொஞ்ச நாளில் களஞ்சியத்திலிருந்தே அந்த வரிசையும் அதற்கான என்விடியா மாட்யூல்களும் நீக்கப்படும். அப்போதுதான் அப்டேட் முரண்பாடு காட்டி நிற்கும், உரிமையாளர் விழித்துக்கொள்வார். 2024 பிப்ரவரி முதல் கெர்னல் திட்டமே சிவிஇ எண்களை (பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொது அடையாள எண்களை) வழங்குகிறது. திருத்தப்பட்ட ஓட்டைகளின் பட்டியல் நாள்தோறும் பொதுவில் நீள்கிறது. காலாவதியான கெர்னலில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு அபாயம் என்று அந்தப் பட்டியலே சொல்லும். மஞ்சாரோவில் இருப்பவர் ஓர் எல்டிஎஸ் வரிசையைக் கட்டாயம் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜென்டூவில் ‘நிலையானது’ என்ற முத்திரை எல்டிஎஸ் வரிசைகளுக்கே கிடைக்கிறது. சோதனைக் குறியீட்டைத் திறந்துவிட்டவர்களுக்குப் புதியது. ரோலிங் டிஸ்ட்ரோ என்றாலே புத்தம்புதுக் கெர்னல்தான் என்ற எண்ணத்துக்கு நிக்ஸ்ஓஎஸ்ஸும் விலக்கு: அதன் நிலையற்ற கிளையிலும், நாமாகப் ‘புதியது’ என்று எழுதாவிட்டால் வருவது எல்டிஎஸ்தான்.

எல்டிஎஸ் என்றால் பத்திரமா?

2023 டிசம்பர் 9 அன்று டெபியன் 12.3 வெளியாக வேண்டியது, நிறுத்தப்பட்டது. அதில் இருந்த கெர்னல் 6.1.64. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் நேரடி எழுத்து முடிந்த பின் கோப்பின் அளவைச் சரியாகப் பதிவதற்கான ஒரு திருத்தம் மெயின்லைனிலிருந்து 6.1 கிளைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. அந்தத் திருத்தம் சரியாக வேலை செய்ய, ஐயோமேப் பகுதியில் முன்பே நடந்த இன்னொரு மாற்றம் தேவை. அந்த மாற்றம் 6.5-இல் இருந்தது; 6.1-இல் இல்லை, அதைக் கூடவே கொண்டுவரவும் இல்லை. விளைவு, எழுதும் இடத்தைச் சுட்டும் கணக்கு பிசகித் தரவு தவறான இடத்தில் விழுந்தது. 6.1.66-இல் சரிசெய்தார்கள். டெபியன் 12.3-ஐயே தாண்டி மறுநாள் 12.4-ஐ வெளியிட்டது.

அந்த வாரம் ‘ஆபத்தான’ 6.6-இல் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ‘பத்திரமான’ 6.1-இல் இருந்தவர்கள்தான் கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு ஓராண்டு முன்பு, 2022 செப்டம்பர் இறுதியில் வந்த 5.19.12-இல், இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள சில மடிக்கணினிகளின் திரை வெள்ளையாக வெட்டி வெட்டி மின்னியது. திரைக்கு மின்சாரம் தரும் வரிசையின் கால இடைவெளிகள் தவறாகக் கணக்கிடப்பட்டன. திரையே பழுதாகலாம் என்று இன்டெலின் கிராஃபிக்ஸ் டெவலப்பரே எச்சரித்தார். 5.19.13-இல் அந்த பேட்ச்கள் திரும்பப் பெறப்பட்டன. மூலம் இங்கும் அதேதான்: முன்தேவையான மாற்றங்கள் இல்லாமல் ஸ்டேபிளுக்கு இறக்கிய திருத்தம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. புதிய பதிப்பின் அபாயம் புதிய குறியீட்டிலிருந்து வருகிறது. எல்டிஎஸ்ஸின் அபாயம் புதிய திருத்தத்தைப் பழைய குறியீட்டில் ஒட்டுப்போடுவதிலிருந்து வருகிறது. கிளை வயதாக ஆக மெயின்லைனிலிருந்து விலகுகிறது, ஒட்டு பொருந்துவது கடினமாகிறது. எல்டிஎஸ்ஸில் மாற்றங்கள் குறைவு, எனவே சறுக்கலும் குறைவு என்பது மொத்தத்தில் உண்மையே. ஆனால் ‘எல்டிஎஸ் உடையாது’ என்பது பொய்.

ஆர்சி கெர்னலை வேலைக் கணினியில் வைப்பது மட்டும் வேறு கதை. 2021 மார்ச்சில் 5.12-இன் முதல் ஆர்சி, ஸ்வாப்பை (நினைவகத்துக்குத் துணையான வட்டு இடத்தை) தனிப் பகிர்வில் வைக்காமல் கோப்பாக வைத்தவர்களின் வட்டில் கண்ட இடத்தில் எழுதிக் கோப்பு முறைமையைச் சிதைத்தது. ‘பயன்படுத்தாதே’ என்ற சொல்லைப் பெயரிலேயே ஒட்டி அந்தப் பதிப்பை ஒதுக்கிவைத்தார் லினஸ். காப்புப் பிரதி இல்லாதவருக்கு ஆர்சி ஆகாது.

வன்பொருள் கீழெல்லையைச் சொல்லும்

எந்தப் பதிப்புக்குக் கீழே போகக்கூடாது என்பதை வன்பொருள் தீர்மானிக்கிறது. ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ வைஃபை சில்லு மடிக்கணினிகளில் பரவலாக வருவது. அதற்கான டிரைவர் கெர்னலில் சேர்ந்தது 6.2-இல். 6.1 எல்டிஎஸ்ஸில் அந்தக் கணினிக்கு வைஃபை கிடையாது. ஒரே ஒரு பதிப்பு வித்தியாசம். மீடியாடெக் எம்டி7925-க்கு 6.7 வேண்டும், அதனால் 6.6 எல்டிஎஸ்ஸும் உதவாது. 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580 கார்டுக்கு 6.12-க்குக் கீழே எதையும் யோசிக்கவே வேண்டாம்.

சரிபார்ப்பது எளிது. எல்எஸ்பிசிஐ கட்டளையை ‘கே’ தெரிவோடு ஓட்டினால், ஒவ்வொரு சாதனத்துக்கும் எந்த டிரைவர் ஓடுகிறது என்று காட்டும். அந்த டிரைவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, எல்டிஎஸ்ஸின் மாட்யூல் அடைவில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஒரே டிரைவர் பல சில்லுகளை ஆளும், உங்கள் சில்லின் எண் பின்னால் சேர்ந்ததாக இருக்கலாம். எல்டிஎஸ்ஸில் ஒருமுறை பூட் செய்து, வைஃபை, ஒலி, உறக்கநிலை, வெளித்திரை நான்கையும் தொட்டுப் பார்ப்பதே நிச்சயம். நிறுவிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது. முதன்மைக் கெர்னல் விழுந்த இரவில், மாற்றுக் கெர்னலில் வைஃபை இல்லை என்று கண்டுபிடிப்பதில் பயனில்லை.

ஃபர்ம்வேர், அதாவது சாதனத்துக்குள் ஏற்றப்படும் நிரல், எல்லாக் கெர்னல்களுக்கும் பொது. ‘லினக்ஸ் ஃபர்ம்வேர்’ பேக்கேஜ் மாறியதும் ஏஎம்டி கிராஃபிக்ஸ் உறைந்தால், எல்டிஎஸ்ஸுக்கு மாறினாலும் உறையும், ஏனென்றால் இரண்டும் ஏற்றுவது அதே கோப்பைத்தான். இரண்டு கெர்னலிலும் ஒரே கோளாறு தெரிந்தால் பழியைக் கெர்னல் மீது போடாமல் ஃபர்ம்வேரை ஒரு படி இறக்கிப் பாருங்கள். இறக்கிய பின் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் மறுபடி கட்ட வேண்டும். கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேரின் ஒரு நகல் அதற்குள் இருக்கும்.

வெளி மாட்யூல் மேலெல்லையைச் சொல்லும்

கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை, உள் இடைமுகம் மாறும்போது மாற்றுகிறவரே சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருக்கும் மாட்யூல்களுக்கு அந்தச் சலுகை இல்லை. என்விடியா, இசட்எஃப்எஸ், விர்ச்சுவல்பாக்ஸ், பழைய பிராட்காம் வைஃபை: இந்த நான்கில் ஒன்றைப் பயன்படுத்துகிறவர், எந்தக் கெர்னல் என்பதைத் தான் முடிவுசெய்வதாக நினைக்கலாம், உண்மையில் முடிவுசெய்வது அந்த மாட்யூல்தான்.

இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை மிகக் கறார். ஒவ்வொரு ஓப்பன்இசட்எஃப்எஸ் பதிப்பும் எந்தக் கெர்னல் வரை ஒத்துழைக்கும் என்று எழுதிவைக்கிறது. 2025 ஜனவரியில் வந்த 2.3.0-க்கு 4.18 முதல் 6.12 வரை. அதே மாதம் கெர்னல் 6.13 வந்துவிட்டது. ஆர்ச்சில் ‘லினக்ஸ்’ 6.13-க்குத் தாவிய அன்று வேர்ப் பகிர்வை (ரூட்) இசட்எஃப்எஸ்ஸில் வைத்திருப்பவருக்குக் கணினியே எழாது. அவருக்கு எல்டிஎஸ்தான் ஒரே வழி. பிகேஷ்எஃப்எஸ் பயனர்களுக்கும் இப்போது இந்த நிலைதான். 6.7-இல் உள்ளே வந்த அந்தக் கோப்பு முறைமை 6.18-இல் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டு, டிகேஎம்எஸ் மாட்யூலாக வெளியே போய்விட்டது.

டிகேஎம்எஸ் என்பது, கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை உங்கள் கணினியிலேயே மறுபடி தொகுக்கும் ஏற்பாடு. அது தோற்பதற்கு இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும். ஒன்று, அந்தக் கெர்னலுக்கான ஹெடர்கள் (மாட்யூலைத் தொகுக்கத் தேவையான கோப்புகள்) நிறுவப்படவில்லை. ‘லினக்ஸ்’ ஹெடர்களை நிறுவிவிட்டு, எல்டிஎஸ்ஸைச் சேர்க்கும்போது எல்டிஎஸ் ஹெடர்களை மறந்துவிடுவார்கள். டிகேஎம்எஸ் ஒரு வரியில் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நூறு வரி அப்டேட் வெளியீட்டில் அந்த ஒரு வரி கண்ணில் படாது. அவசரத்துக்கு எல்டிஎஸ்ஸில் நுழைந்தால் கறுப்புத் திரை. இரண்டு, புதிய கெர்னலில் ஏதோ ஒரு உள் செயற்கூறின் வடிவம் மாறி, மாட்யூல் தொகுப்பு பாதியில் முறிந்திருக்கும். ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ ஓட்டினால், எந்தக் கெர்னலுக்கு எந்த மாட்யூல் தயார் என்று வரிக்கு வரி காட்டும். ரீபூட்டுக்கு முன் பத்து விநாடி செலவழித்து அதைப் பார்த்துவிடுவது நல்லது.

தொகுப்பு முறியாமலேயே உடைவதும் உண்டு. 6.12-இல், கெர்னலின் மெய்நிகர் கணினிப் பகுதியான கேவிஎம் மாட்யூல் ஏறிய மாத்திரத்திலேயே செயலியின் மெய்நிகராக்க வசதியைக் கையில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அதற்கு முன்பு, முதல் மெய்நிகர் கணினி தொடங்கும்போதுதான் எடுக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் வந்து கேட்டபோது வசதி வேறொருவர் கையில் இருந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூல் பிசகின்றித் தொகுக்கப்பட்டு ஏறியும் இருந்தது. மெய்நிகர் கணினிகள் மட்டும் தொடங்கவில்லை. கேவிஎம் மாட்யூலை இறக்கிவிடுவது அல்லது ஏறும்போதே இயக்கும் அந்த அளவுருவைக் கெர்னல் வரியில் 0 ஆக்குவது என்று இரண்டு மாற்றுவழிகள் இருந்தன.

ஜென், ஹார்டன்ட், கேச்சிஓஎஸ் போன்ற தனிச்சுவைக் கெர்னல்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டமிடல் முறை, மறுமொழி வேகம், ஹார்டன்ட்டில் பாதுகாப்பு ஆகியவற்றில் சிறு மாற்றங்கள். பலருக்கு வித்தியாசமே தெரியாது. ஆர்டி பேட்ச்களின் மையப் பகுதி 6.12-லேயே மெயின்லைனில் சேர்ந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ‘லினக்ஸ்’ கெட்டால் உதவும் என்று ஜென்னை இரண்டாவதாக வைக்காதீர்கள். இரண்டும் ஒரே மெயின்லைன் பதிப்பு; ஒன்றில் வரும் சறுக்கல் மற்றதிலும் அப்படியே வரும். துணைக் கெர்னல் சில பதிப்புகளாவது தள்ளி நிற்க வேண்டும்.

பூட் பகிர்வு என்னும் கண்ணி

கெர்னல் கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் கணிசமானவை உண்மையில் பூட் பகிர்வின் கோளாறு. ஆர்ச்சில், பூட் அடைவு தனிப் பகிர்வாக இருந்து, அது மவுண்ட் ஆகாத நேரத்தில் அப்டேட் ஓடினால், புதிய கெர்னல் வேர்ப் பகிர்வில் உள்ள வெற்று பூட் அடைவுக்குள் போய் உட்காரும். மாட்யூல் அடைவு மட்டும் புதியதாகிவிடும். அடுத்த முறை பூட்லோடர் எடுப்பது பகிர்வில் கிடக்கும் பழைய கெர்னலை. அதற்கு மாட்யூல் இல்லை, விஃபேட் மாட்யூல்கூட இல்லை. எனவே பூட் பகிர்வை மவுண்ட் செய்ய முடியாமல் அவசர நிலையில் போய் நிற்கும்.

மீட்பது இப்படி: ஆர்ச்சின் நிறுவல் பென்டிரைவில் பூட் செய்யுங்கள். முதலில் வேர்ப் பகிர்வு, அதன் மேல் பூட் பகிர்வு என்ற வரிசையில் மவுண்ட் செய்யுங்கள். இரண்டாவதற்கு முன் வெற்று பூட் அடைவுக்குள் தவறாகப் போய் விழுந்த கோப்புகளை நீக்கிவிடுங்கள். பிறகு ஆர்ச்-சிரூட் வழியாக உள்ளே போய் ‘லினக்ஸ்’, எல்டிஎஸ் இரண்டையும் மறுபடி நிறுவுங்கள். இனிட்ராம்எஃப்எஸ் தானாகக் கட்டப்படும். வெளியே வருமுன், எந்தப் பகிர்வு எங்கே மவுண்ட் ஆகும் என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் பூட் பகிர்வின் வரி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமும் இதே பூசைதான்.

இடம் போதாமை இன்னொன்று. பூட் கோப்புகளுக்கென விண்டோஸ் உருவாக்கித் தரும் இஎஃப்ஐ பகிர்வு பல கணினிகளில் 100 எம்பிதான். கெர்னல் ஒன்று ஏறத்தாழ 15 எம்பி. இனிட்ராம்எஃப்எஸ் அதைவிடப் பெரிது. என்விடியா மாட்யூல்களையும் ஃபர்ம்வேரையும் உள்ளே சேர்த்தால் அது மட்டுமே 100 எம்பியைத் தாண்டும். இடம் தீர்ந்தால் கோப்பு பாதியில் நிற்கும். பேக்மேன் கடைசியில் ஒரு பிழை காட்டும், ஆனால் அப்டேட் முடிந்ததாகவே கணக்கு. ரீபூட் செய்தால் வேர்ப் பகிர்வை மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற கெர்னல் பேனிக். இரண்டு கெர்னல் வைக்க விரும்புகிறவர் நிறுவும்போதே 1 ஜிபி ஒதுக்கிவிட வேண்டும். ஏற்கெனவே சிறியதில் சிக்கியவர், இஎஃப்ஐ பகிர்வை அப்படியே விட்டுத் தனியாக ஒரு நீட்டிப்பு பூட் பகிர்வைச் சேர்க்கலாம். சிஸ்டம்டி-பூட் என்ற பூட்லோடர் அதைப் படிக்கும்.

ஸ்னாப்ஷாட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட், எஃப்ஏடி வடிவிலுள்ள பூட் பகிர்வைத் தொடாது. கெர்னல் அப்டேட்டுக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், பழைய மாட்யூல்களும் புதிய கெர்னலும் ஒன்றாக நிற்கும். பென்டிரைவ் கதையேதான், இம்முறை பூட்டிலேயே. கெர்னலும் ஸ்னாப்ஷாட்டுக்குள் வர வேண்டுமென்றால், பூட் அடைவு வேர்ப் பகிர்விலேயே இருந்து, கிரப் பூட்லோடர் அதைப் படிக்க வேண்டும். இஎஃப்ஐ பகிர்வு வேறிடத்தில் மவுண்ட் ஆக வேண்டும்.

கெட்ட கெர்னல் வந்துவிட்டால்

எல்டிஎஸ்ஸில் பூட் செய்யுங்கள். ஜர்னல்சிடிஎல்-இல் முந்தைய பூட்டின் கெர்னல் பதிவை எடுத்து வையுங்கள். பல நாள் கழித்துத் தேடினால் கிடைக்காது. பிறகு பேக்மேனின் தற்காலிகச் சேமிப்பில் முந்தைய ‘லினக்ஸ்’ கோப்பைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால், பழைய பேக்கேஜ்களைத் தேதிவாரியாக வைத்திருக்கும் ஆர்ச்சின் ஆவணக் களஞ்சியத்தில் கிடைக்கும். கெர்னல், அதன் ஹெடர்கள், அதனுடன் எண் ஒத்துப்போக வேண்டிய என்விடியா பேக்கேஜ் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் இறக்குங்கள். கெர்னலை மட்டும் இறக்கினால், என்விடியா மாட்யூல் புதிய எண்ணுள்ள அடைவிலேயே தங்கிவிடும்; வரைகலைத் திரை வராது. இறக்கிய அதே பெயர்களை, ஒன்றுவிடாமல், பேக்மேனின் புறக்கணிப்புப் பட்டியலில் சேருங்கள்.

ஆர்ச்சில் பாதி அப்டேட் கூடாது என்று படித்தவர்களுக்கு இது உறுத்தும். ஏறத்தாழ எல்லா மென்பொருளும் நம்பியிருக்கும் ஜிலிப்சி நூலகத்தைப் பிடித்து நிறுத்திவைத்தால் கணினி சிதறும், உண்மை. கெர்னல் விலக்கு. பயன்பாட்டு மென்பொருளை உடைக்கக்கூடாது என்பது கெர்னல் திட்டத்தின் முதல் விதி; மறுபக்கம் ஜிலிப்சி 3.2 வரையான பழைய கெர்னலோடும் வேலை செய்யும்படி எழுதப்படுகிறது, கணினியின் சேவைகளைத் தொடங்கி ஆளும் சிஸ்டம்டி 258-இன் கீழெல்லை 5.4. இந்த இடைவெளியில் ஒரு மாதம் பழைய கெர்னலில் ஓடுவதால் எதுவும் கெடாது. அதற்குமேல் நீட்டினால் பாதுகாப்புத் திருத்தங்கள் தவறும், அவ்வளவுதான்.

கோளாறு எந்தப் பதிப்பில் நுழைந்தது என்று தெரிந்து, பொறுமையும் இருந்தால், கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை) செய்யலாம். இரண்டு மெயின்லைன் பதிப்புகளுக்கு இடையே பதினான்கு முறை தொகுத்துச் சோதித்தால் குற்றவாளி மாற்றம் பிடிபடும். சறுக்கல்களைத் தொடர்ந்து கவனிக்கத் தனி ஏற்பாடே கெர்னல் திட்டத்தில் இருக்கிறது. எந்த மாற்றம் என்று பெயரோடு போகும் புகாருக்கு விரைவில் பதில் வரும். ‘6.17-இல் ஒலி வரவில்லை’ என்று மட்டும் போகும் புகார் பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

எல்டிஎஸ்ஸின் ஆயுள் ஆறா இரண்டா என்பதால் பாதிப்பில்லை என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இதுதான். ஆர்ச்சின் எல்டிஎஸ் பேக்கேஜ் ஒரே வரிசையில் நிற்பதில்லை. புதிய எல்டிஎஸ் அறிவிக்கப்பட்ட பிறகு அதுவும் தாவிவிடும். 6.6-இலிருந்து 6.12-க்கு, ஆறு பதிப்புகளின் மாற்றம் ஒரே அப்டேட்டில் வந்தது. ஆண்டு முழுக்க அமைதியாக இருந்த கணினி அந்த ஒருநாள் தடுமாறலாம். அதோடு அந்தச் சமயத்தில் ‘லினக்ஸ்’, எல்டிஎஸ் இரண்டின் எண்களும் ஒட்டி நிற்கும். ஒன்றில் இருக்கும் சறுக்கல் மற்றதிலும் இருக்கும். அந்தச் சில வாரங்களுக்கு எல்டிஎஸ்ஸையும் அதன் ஹெடர்களையும் புறக்கணிப்புப் பட்டியலில் போட்டுப் பழைய வரிசையிலேயே நிறுத்தலாம். பழைய எல்டிஎஸ் பேக்கேஜ் கோப்புகளைத் தற்காலிகச் சேமிப்பிலிருந்து வேறோர் அடைவுக்கு நகலெடுத்தும் வைக்க வேண்டும். தற்காலிகச் சேமிப்பைத் துப்புரவாக்கும் பேக்கேஷ் இயல்பாக மூன்று பதிப்புகளை மட்டுமே மிச்சம் வைக்கும். எல்டிஎஸ் வாரந்தோறும் வருவதால், மூன்றே வாரத்தில் பழைய வரிசை துடைக்கப்பட்டிருக்கும்.